கதவுக்கு எண் போடும் ஐந்து வரிகள்: பயனர் நிரல்களும் உரிம வேலிகளும்

ஒரு மருத்துவமனையின் தரைத்தள வரைபடம். அதில் 180 கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் 'டி-1', 'டி-2' என்று எண் போட வேண்டும். டிராஃப்ட்ஸ்மேன் எழுத்துக்கான கட்டளையைத் தட்டுகிறார். இடத்தைக் காட்டுகிறார். உயரத்துக்கு ஒரு எண்டர், கோணத்துக்கு ஒரு எண்டர், எண்ணை அடித்து இன்னும் இரண்டு எண்டர். இப்படி 180 முறை. 127-ஆவது கதவில் கவனம் சிதறி, முன்பு போட்ட 126-ஐயே மறுபடி அடித்துவிட்டால் அங்கிருந்து கடைசிக் கதவு வரை 54 எண்களும் தப்பு. சாயங்காலம் பிளாட் எடுத்த பிறகுதான் அது கண்ணில் படும்.

இதே வேலைக்கு ஆட்டோகேட் மென்பொருளில் இன்னொரு வழி இருக்கிறது. நோட்பேடைத் திறந்து ஐந்தாறு வரி எழுதிச் சேமித்துக்கொள்ளலாம். எண்ணை ஒன்றில் தொடங்கு; பயனர் ஓரிடத்தில் கிளிக் செய்யும்வரை காத்திரு; அங்கே 'டி' என்ற எழுத்தோடு எண்ணை எழுது; எண்ணோடு ஒன்றைக் கூட்டு; அடுத்த கிளிக்குக்குப் போ. அந்த வரிகள் சொல்வது இவ்வளவுதான். 'செட்க்யூ', 'வைல்', 'கெட்பாயின்ட்', 'கமாண்ட்' போன்ற சில சொற்களும், ஒன்றுகூட விட்டுப்போகாமல் மூடிய அடைப்புக்குறிகளும் இருந்தால் போதும். அதன்பின் டிராஃப்ட்ஸ்மேன் செய்ய வேண்டியது கதவு கதவாகக் கிளிக் செய்துகொண்டு போவது மட்டுமே. எண்ணைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

இந்த மொழிக்கு ஆட்டோலிஸ்ப் என்று பெயர். எழுதியவர் டிராஃப்ட்ஸ்மேன். யோசனையும் அவருடையது, மிச்சமாகும் நேரமும் அவருடையது. ஆனால் அதே நிறுவனம் விற்ற, அதே மாதிரித் தெரியும், அதே கோப்புகளைத் திறக்கும் ஆட்டோகேட் எல்டி என்ற மலிவுப் பதிப்பில் 30 ஆண்டுகள் இந்த வரிகள் ஓடவில்லை. பயனர் தன் வேலைக்காகத் தானே எழுதிய ஒன்றை ஓட்டுவதற்கு அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்குத் தனி விலை உண்டு என்ற ஏற்பாடு வணிக மென்பொருள் உலகில் எப்படி அமைந்தது, சட்டம் அதை எங்கே ஏற்றது, எங்கே மறுத்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

மேலோட்டமாகப் பார்த்தால் இந்தத் தடைகள் பல விதம். கூர்ந்து பார்த்தால் மூன்று வேலிகளாக அவற்றைப் பிரித்துவிடலாம். நிரலாக்க வசதியையே எடுத்துவிடுவது முதல் வேலி. வசதி இருக்கும், ஆனால் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. எழுதியது உங்களுடையதாக இருக்கலாம், ஓடுவது எங்கள் எந்திரத்தில் மட்டும்தான் என்பது மூன்றாவது.

முதல் வேலி: லிஸ்ப் இல்லாத ஆட்டோகேட்

1982-இல் ஜான் வாக்கரும் அவரது நண்பர்களும் அமெரிக்காவில் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஆட்டோகேட் சந்தைக்கு வந்தது. 1986 ஜனவரியில் வெளியான 2.18 பதிப்பில் ஆட்டோலிஸ்ப் ஒரு முழு மொழியாக இடம்பெற்றது. டேவிட் பெட்ஸ் எழுதிய எக்ஸ்லிஸ்ப் என்ற சிறிய லிஸ்ப் மொழிபெயர்ப்பியை அடித்தளமாகக் கொண்டு அது கட்டப்பட்டிருந்தது. அந்தக் காலத்துத் தனிக்கணினியின் சொற்ப நினைவகத்துக்குள் வரைபட மென்பொருளோடு ஒண்டிக்கொள்ளும் அளவுக்கு அது சின்னதாக இருந்தது.

விளைவு பெரிதாக இருந்தது. படிக்கட்டு வரைய ஒன்று, கூரைச் சட்டங்களுக்கு ஒன்று, குழாய் இணைப்புக்கு ஒன்று என்று உலகெங்கும் வரைவு அலுவலகங்களில் லிஸ்ப் நிரல்கள் குவிந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் நிரலாளர்களே அல்ல, வரைபவர்கள், பொறியாளர்கள். ஓர் அலுவலகத்தில் எழுதியது அடுத்த அலுவலகத்துக்கு ஃப்ளாப்பியில் போனது. போட்டி மென்பொருள்களைத் தாண்டி ஆட்டோகேட் நின்றதற்கு இப்படிச் சேர்ந்த நிரல் குவியலும் ஒரு முக்கியக் காரணம் என்று அத்துறையை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

1993-இல் ஆட்டோகேட் எல்டி வந்தது. முழு ஆட்டோகேட்டின் பட்டியல் விலை 3,000 டாலரைத் தாண்டியிருந்த காலம் அது. எல்டியின் விலை 495 டாலர். இருபரிமாண வரைவுக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாம் அதில் இருந்தது. லிஸ்ப் இல்லை.

முற்றிலும் கையைக் கட்டிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. எல்டியில் ஸ்கிரிப்ட் கோப்பு உண்டு. கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால் மேலிருந்து கீழாக ஓடும். ஆனால் அதில் மாறி கிடையாது, 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்ற நிபந்தனை கிடையாது, பயனர் கிளிக் செய்யட்டும் என்று காத்திருக்கவும் அதற்குத் தெரியாது. இன்னொன்று, டீசல் என்ற குட்டி மொழி. மெனு பொத்தான்களுக்குப் பின்னால் எழுதப்படும் மேக்ரோக்களில் அதைச் செருகலாம். கூட்டல் கழித்தல் செய்யலாம்.

அது போதும் என்று காட்டியவர்கள் எல்டி பயனர்களே. ஒவ்வொரு வரைபடத்துக்குள்ளும் 'யூசர்-ஐ-1' முதல் 'யூசர்-ஐ-5' வரை ஐந்து காலி எண் பெட்டிகள் உண்டு. அவற்றில் முதல் பெட்டியில் கதவு எண்ணை வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தும்போது டீசல் மூலம் அதைப் படித்து, எழுத்தாக வைத்து, ஒன்று கூட்டி, திரும்பப் பெட்டியிலேயே போட்டுவிடுவார்கள். மேக்ரோவின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அது முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓடும். லிஸ்ப் இல்லாமலே 180 கதவுகளுக்கும் எண் போட்டாகிவிட்டது. முன்வாசல் பூட்டியிருந்தால் கொல்லைப்புறம் சுற்றி வருகிற சாமர்த்தியம்.

கொல்லைப்புற வழி கொஞ்ச தூரம்தான் போகும். ஏற்கெனவே வரைந்துவைத்த கதவுகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய், அகலத்தைப் பார்த்து, 900 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சிவப்பு லேயருக்கு மாற்றி, பட்டியலை ஒரு கோப்பில் எழுதித் தா என்று கேட்டால் டீசல் கைவிரித்துவிடும். வரைபடத்துக்குள் இருக்கும் பொருள்களைத் தொட்டுப் பார்க்கும் சக்தி அதற்கு இல்லை. லிஸ்ப்புக்கு அது சாதாரண வேலை.

எல்டிக்கு லிஸ்ப்பைக் கொடுக்கும் துணை மென்பொருள்களை வெளியார் சிலர் எழுதி விற்றார்கள். ஆட்டோடெஸ்க் அவற்றை ஏற்கவில்லை. நிறுவனம் தன் மென்பொருளில் வைத்த தொழில்நுட்ப வரம்புகளைச் சுற்றிப்போகக் கூடாது என்ற வாசகம் இன்று பெரும்பாலான வணிக உரிம ஒப்பந்தங்களில் இருக்கிறது. முதல் வேலி அப்படித்தான் முழுமையாகிறது. வசதியை நீக்குவது பொறியாளரின் வேலை. நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று எழுதுவது வழக்கறிஞரின் வேலை.

கூரை இல்லாத ரயில் பெட்டி

நன்றாக ஓடும் பொருளிலிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டு மலிவாக விற்பது மென்பொருளுக்கு முந்தைய கலை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புய் ரயில் கட்டணங்களைப் பற்றி எழுதும்போது இதைக் கவனித்தார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது கூரைச் செலவை மிச்சம் பிடிக்க அன்று. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர்கள் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக.

1996-இல் ரேமண்ட் டெனெக்கெரே, பிரெஸ்டன் மெக்காஃபீ என்ற இரு பொருளியலாளர்கள் இதற்குச் 'சேதப்படுத்திய சரக்கு' என்ற பொருளில் பெயர் வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் காட்டிய உதாரணங்கள் கணினி உலகத்தவை. ஐபிஎம் 1990-இல் விற்ற மலிவு லேசர் பிரிண்டர், விலை கூடிய பிரிண்டரிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை; நிமிடத்துக்கு 10 பக்கம் அடிக்கக்கூடியதை 5 பக்கத்தோடு நிறுத்தும் ஏற்பாடு மட்டும் உள்ளே கூடுதலாக இருந்தது. இன்டெலின் 486 எஸ்எக்ஸ் சில்லு, தொடக்கத்தில், கணிதப் பகுதி முடக்கப்பட்ட 486 டிஎக்ஸ்தான். சேதப்படுத்துவதற்கு ஒரு செலவு ஆகிறது, அந்தச் செலவையும் செய்து மலிவாக விற்பது லாபம் தருகிறது என்பதே அதிலுள்ள வினோதம். சில சூழல்களில் வாங்குபவர், விற்பவர் எல்லோருக்குமே அதனால் நன்மை கிடைக்கலாம் என்றும் அந்த ஆய்வு காட்டியது.

இதை ஒதுக்கிவிட முடியாது. 495 டாலர் எல்டி இல்லாவிட்டால், இரண்டு பேர் வேலை செய்யும் சிறிய வரைவு அலுவலகத்துக்குக் கிடைத்திருக்கக்கூடியது திருட்டுப் பிரதி அல்லது டிராயிங் போர்டு. அதே 1996-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இந்த வாதத்தையே சட்டமாக்கியது. புரோசிடி என்ற நிறுவனம் 3,000-க்கும் மேற்பட்ட தொலைபேசி விவரத் திரட்டுகளிலிருந்து ஒரு தரவுத்தளம் தொகுத்து, பொதுமக்களுக்கு 150 டாலருக்கும் வணிகர்களுக்குக் கூடுதல் விலைக்கும் விற்றது. மலிவுப் பெட்டியை வாங்கி அதிலிருந்ததை வணிகத்துக்குப் பயன்படுத்தியவர் மீது வழக்கு. பெட்டிக்குள் இருந்த உரிம வாசகம் செல்லும் என்றார் நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக். வணிகரையும் வீட்டுப் பயனரையும் பிரித்து விலை வைக்க முடியாவிட்டால் வீட்டுப் பயனருக்கான விலையும் ஏறிவிடும் என்பது அவரது தர்க்கம்.

ஆனால் பிரிண்டரின் வேகத்துக்கும் நிரலாக்க மொழிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிரிண்டர் எவ்வளவு வேகம் என்பதை ஐபிஎம் தீர்மானித்தது, அந்த வேகத்தை உருவாக்கியதும் ஐபிஎம்தான். கதவுக்கு எண் போடும் நிரலை ஆட்டோடெஸ்க் உருவாக்கவில்லை. அந்த நிறுவனத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மற்ற வசதிகளை நிறுத்திவைக்கும்போது நிறுவனம் தன் சரக்கில் ஒரு பங்கைத் தராமல் வைக்கிறது. நிரலாக்கத்தை நிறுத்திவைக்கும்போது வாங்கியவர் இனிமேல் செய்யப்போகும் சரக்கை முன்கூட்டியே தடுக்கிறது. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஏற்றம் மட்டும் நீ கட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்வதற்கு இது பக்கத்தில் வருகிறது.

இதே பாதையில் மற்றவர்களும் நடந்தார்கள். அடோபியின் ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸில் யாரோ பதிவு செய்த 'ஆக்‌ஷன்' ஒன்றை ஓட்டலாம். புதிதாகப் பதிவு செய்ய முடியாது. ஸ்கெட்ச்அப்பின் ரூபி நிரல்கள் கட்டணமுள்ள டெஸ்க்டாப் பதிப்பில் ஓடும். இணையத்தில் கிடைக்கும் இலவசப் பதிப்பில் ஓடா. வீடியோ தொகுப்பாளர்கள் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வில், வெளியே இருந்து ஒரு நிரல் கொண்டு மென்பொருளை இயக்க வேண்டுமானால் விலை கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு வேண்டும். பிறர் செய்து கொடுத்ததைப் பயன்படுத்தலாம், நீயாகச் செய்துகொள்வதற்குக் காசு என்ற கோடு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் போடப்பட்டிருக்கிறது.

இரண்டாம் வேலி: நாற்காலியில் ஆள் இருக்கிறாரா?

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸில் விபிஏ என்ற மொழியில் மேக்ரோ எழுதுவதற்குத் தனி விலை இல்லை. எக்செல் வாங்கிய குமாஸ்தா எத்தனை மேக்ரோ வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். வேலி வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு நிறுவனத்தில் 400 ஊழியர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சர்வரில் ஒரேயொரு எக்செல்லை நிறுவி, அதை நிரல் கொண்டு இயக்கி, 400 பேரின் சம்பளச் சீட்டையும் தயாரித்து, உலாவி வழியே அவரவருக்குக் காட்டலாம் என்று யாருக்காவது தோன்றும். மைக்ரோசாஃப்ட் இதற்கென்றே ஓர் எச்சரிக்கைக் குறிப்பை நீண்ட காலமாக வைத்திருக்கிறது. சர்வரில் ஆள் இல்லாமல் ஆஃபீஸை இயக்குவதைத் தாங்கள் பரிந்துரைப்பதும் இல்லை, ஆதரிப்பதும் இல்லை என்கிறது அது. அதற்குச் சொல்லப்படும் தொழில்நுட்பக் காரணம் நியாயமானது. மனிதர் ஒருவர் எதிரே இருக்கிறார் என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள் அது. ஏதோ ஒரு கோப்பில் சின்னச் சிக்கல் வந்தால் 'சேமிக்கவா?' என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு நிற்கும். பூட்டிய சர்வர் அறையில் 'சரி' என்று அழுத்த யாரும் இல்லை. சம்பளச் சீட்டு வராமல் 400 பேர் காத்திருப்பார்கள்.

அந்தக் குறிப்பின் இன்னொரு பகுதி உரிமம் பற்றியது. ஆஃபீஸ் உரிமம் இல்லாத கணினிகளுக்கு, சர்வர் வழியாக ஆஃபீஸின் பயனைக் கொடுப்பது உரிமத்துக்குள் வராது. இங்கே தடுக்கப்படுவது நிரல் எழுதுவதல்ல. நிரலின் பயனை யார் அனுபவிக்கிறார் என்பதே கணக்கு.

அடோபியின் டெஸ்க்டாப் உரிமங்களில், தனிப்பட்ட ஒரு பயனர் தொடங்காத, தானாக நடக்கும் சர்வர் வேலைகளுக்கு மென்பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகம் பல காலம் இருந்துவந்தது. இன்டிசைனை அப்படி ஓட்ட விரும்புபவருக்கு இன்டிசைன் சர்வர் என்ற தனிச் சரக்கு உண்டு. பக்கம் அமைக்கும் எந்திரம் இரண்டிலும் ஒன்றே. சர்வர் பதிப்பில் திரையும் மெனுவும் இல்லை, எல்லாம் நிரல் வழியே. மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்பை 2021-இலிருந்து விண்டோஸ் 10 பயனர்கள் கூடுதல் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆள் எதிரே இருக்கும்போது ஓட்டினால் காசு இல்லை. ஆள் இல்லாமல் ஓட வேண்டுமானால் தனி உரிமம்.

இந்த வேலிக்குப் பின்னால் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. டெஸ்க்டாப் மென்பொருள் தலைக்கு ஒன்று என்ற கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு தலை ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வேலை செய்யும் என்பது விலைக்குள் மறைந்திருக்கும் அனுமானம். நிரல் அந்த அனுமானத்தை உடைத்துவிடுகிறது. தூங்காத ஒரு ஜோடிக் கையை ஒரே நாற்காலியில் உட்காரவைக்கிறது. நாற்காலிக்கு விலை வைத்தவர்கள் அதைக் கண்டு பயப்படுவதில் வியப்பில்லை.

நிரல் கொண்டு ஓட்டினால் ஒப்பந்த மீறல் மட்டுமா, பதிப்புரிமை மீறலுமா? இதற்கு அமெரிக்க நீதிமன்றம் பதில் சொல்ல நேர்ந்தது ஒரு விளையாட்டு மென்பொருள் வழக்கில். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் தொடக்க நிலைகளை ஆளுக்குப் பதிலாகத் தானே விளையாடிக் கொடுக்கும் கிளைடர் என்ற நிரலை எம்டிஒய் நிறுவனம் விற்றது. 2008 செப்டம்பருக்குள் 1,20,000 உரிமங்கள் விற்று 35 லட்சம் டாலர் வரவு. இப்படிப்பட்ட நிரல்களைத் தன் விதிகளில் தடை செய்திருந்த பிளிசார்ட் நிறுவனத்துக்கும் எம்டிஒய்க்கும் இடையில் வழக்கு மூண்டது.

2010 டிசம்பரில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிம வாசகங்களை இரண்டாகப் பிரித்தது. சில வாசகங்கள் உரிமத்தின் எல்லையையே வரையறுப்பவை. மீறினால் உரிமம் இல்லாமல் நகலெடுத்தது போல. மற்றவை வெறும் வாக்குறுதிகள். மீறினால் ஒப்பந்தச் சட்டப்படி கேட்கலாம், பதிப்புரிமைச் சட்டத்தை இழுக்க முடியாது. நிரல் கொண்டு விளையாடக் கூடாது என்பது இரண்டாம் வகை என்றது நீதிமன்றம். இல்லாவிட்டால் தனக்குப் பிடிக்காத எந்தச் செயலையும் மென்பொருள் நிறுவனம் பதிப்புரிமை மீறலாக மாற்றிவிடலாம் என்பது அது சொன்ன காரணம். ஆனால் தீர்ப்பின் இன்னொரு பாதி எம்டிஒய்க்கு எதிராகப் போனது. பிளிசார்ட்டின் கண்காணிப்பு நிரலான வார்டனை ஏமாற்றும்படி கிளைடர் அமைக்கப்பட்டிருந்தது, 1998-ஆம் ஆண்டின் எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டப்படி தவறு என்று முடிவானது. வாசகம் மட்டும் இருந்தால் வேலி தாழ்வு. வாசகத்தோடு ஒரு பூட்டும் சேர்ந்தால் உயரம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

மூன்றாம் வேலி: எங்கள் எந்திரத்தில் மட்டும்

மூன்றாவது வேலி கண்ணுக்கே தெரியாதது. நிரல் எழுதலாம், ஆள் இல்லாமலும் ஓட்டலாம். ஆனால் மென்பொருளை விட்டுப் போக முடியாது. போனால் 20 ஆண்டு எழுதிய நிரல்கள் வெறும் எழுத்துகளாகிவிடும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள சாஸ் நிறுவனத்தின் புள்ளியியல் மென்பொருளுக்கு அதன் பெயரிலேயே ஒரு மொழி உண்டு. வங்கிகளும் மருந்து நிறுவனங்களும் அரசுத் துறைகளும் அந்த மொழியில் எக்கச்சக்கமான நிரல்கள் எழுதிவைத்திருந்தன. அவற்றை ஓட்டுவதற்கு ஆண்டுதோறும் சாஸ் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இங்கிலாந்தின் வேர்ல்ட் புரோகிராமிங் என்ற சிறிய நிறுவனம், சாஸ் மொழி நிரல்களை அப்படியே ஓட்டும் மாற்று மென்பொருளை உருவாக்கியது. சாஸின் மூல நிரலை அது பார்க்கவில்லை. தனிக்கணினிகளில் கற்றுக்கொள்வதற்காக விற்கப்பட்ட சாஸ் லேர்னிங் எடிஷனை விலைக்கு வாங்கி, அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதியது. அந்தப் பதிப்பின் உரிமமோ, உற்பத்தி வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது.

வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2012 மே 2 அன்று வந்த தீர்ப்பு மூன்று விஷயங்களைச் சொன்னது. மென்பொருளின் செயல்பாட்டுக்குப் பதிப்புரிமை இல்லை. நிரல் மொழிக்கும் தரவுக் கோப்பின் வடிவத்துக்கும் மென்பொருள் என்ற முறையில் பாதுகாப்பு இல்லை. உரிமம் பெற்றவர் மென்பொருளை ஓட்டிப் பார்த்து, கவனித்து, சோதித்து அதன் அடிப்படைக் கருத்துகளைத் தெரிந்துகொள்ளலாம். ஒப்பந்தம் அதைத் தடுக்க முடியாது.

அதே தகராறு அமெரிக்காவில் வேறு முடிவுக்குப் போனது. 2015-இல் வட கரோலினா நடுவர் குழு, உரிம ஒப்பந்த மீறல் உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் வேர்ல்ட் புரோகிராமிங்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2.64 கோடி டாலர் இழப்பீடு, மாநிலச் சட்டப்படி மும்மடங்காகி, ஏறத்தாழ 7.91 கோடி டாலரானது. 2017-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. சாஸ் தனியாகத் தொடர்ந்த பதிப்புரிமை வழக்கு மட்டும் 2023 ஏப்ரலில் ஃபெடரல் வட்டார நீதிமன்றத்தில் தோற்றது. ஒரே மென்பொருள், ஒரே உரிமச் சீட்டு. அட்லான்டிக்கின் ஒரு கரையில் செல்லாத வாசகம், மறு கரையில் கோடிக்கணக்கான டாலருக்குச் செல்லுபடியானது.

ஆட்டோகேட் உலகிலும் இதன் நிழல் உண்டு. 1997-இல் ஆட்டோடெஸ்க், சாஃப்ட்டெஸ்க் என்ற நிறுவனத்தை வாங்க முனைந்தபோது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குறுக்கிட்டது. ஆட்டோகேட் கோப்புகளோடும் அதற்காக எழுதப்பட்ட நிரல்களோடும் ஒத்துப்போகும் இன்டெல்லிகேட் என்ற எந்திரத்தைச் சாஃப்ட்டெஸ்க் வளர்த்துவந்தது. அதை வேறு கைக்கு மாற்றிய பிறகுதான் வாங்கலாம் என்பது நிபந்தனை. பின்னர் அது விசியோ நிறுவனத்துக்குப் போய், 1999 முதல் ஒரு கூட்டமைப்பின் பொறுப்பில் வளர்ந்தது. பெல்ஜியத்தின் பிரிக்ஸ்கேட் தன் அடிமட்டப் பதிப்பிலேயே லிஸ்ப்பைக் கொடுத்தது. கதவு நிரல் அங்கேயும் ஓடும். எல்டி மறுத்ததைப் போட்டியாளர் கொடுத்ததால், லிஸ்ப்புக்காக வேறு கடைக்குப் போனவர்களும் இருந்தார்கள்.

நம் சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் பிரிவு 52, எவையெல்லாம் மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. கணினி நிரல் சம்பந்தமாக அதில் நான்கு உட்பிரிவுகள் 1994, 1999 திருத்தங்கள் வழியாக வந்து சேர்ந்தன. சட்டப்படி நிரலை வைத்திருப்பவர், அது எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அதற்குப் பயன்படுத்த நகலோ தழுவலோ செய்யலாம். தான் தனியாக உருவாக்கிய நிரல் மற்ற நிரலோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காவிட்டால், அதைப் பெறுவதற்கு வேண்டியதைச் செய்யலாம். நிரலின் செயல்பாட்டைக் கவனித்து, ஆராய்ந்து, சோதித்து அடிப்படைக் கருத்துகளைக் கண்டறியலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு, வணிக நோக்கமின்றி, நகலெடுக்கலாம். 2012-இல் சேர்ந்த பிரிவு 65ஏ, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது; சட்டம் தடுக்காத நோக்கங்களுக்கு விலக்கும் தருகிறது. அமெரிக்கச் சட்டத்தோடு ஒப்பிட்டால் பயனரிடம் இது கொஞ்சம் கருணையோடுதான் நடந்துகொள்கிறது.

ஆனால் ஐரோப்பியச் சட்டத்தில் உள்ள ஒரு வரி இதில் இல்லை. கவனிக்கவும் சோதிக்கவும் உள்ள உரிமையை ஒப்பந்தம் பறித்தால் அந்த ஒப்பந்த வாசகம் செல்லாது என்று அங்கே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. நம்மிடம் உரிமையைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தி அதை விட்டுக்கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பிரிவில் பதில் இல்லை. அந்த ஒரு வரியின் மதிப்பு எவ்வளவு என்பதைச் சாஸ் வழக்கின் 7.91 கோடி டாலர் காட்டிவிட்டது.

வேலிக்குச் சாதகமாக

நிறுவனங்களின் பக்கம் இரண்டு வாதங்கள் மிச்சம் இருக்கின்றன. முதலாவது பாதுகாப்பு. 1999-இன் மெலிஸா வைரஸ் வேர்டு மேக்ரோவாகத்தான் பரவியது. 2012-இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த மெட்ரே என்ற புழு ஆட்டோலிஸ்ப்பில் எழுதப்பட்டது. பெருவில் பல்லாயிரம் வரைபடங்களைத் திருடிச் சீனாவில் பதிவான மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பியது. லிஸ்ப் இல்லாத எல்டி இதிலிருந்து இயல்பாகவே தப்பியது. இருந்தாலும் பாதுகாப்புதான் காரணம் என்றால் விலை கூடிய பதிப்பில் அல்லவா முதலில் பூட்டு போட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, கட்டற்ற மென்பொருளிலும் நிபந்தனை உண்டே என்பது. உண்மைதான். பிளெண்டர் என்ற கட்டற்ற முப்பரிமாண மென்பொருளின் உள்ளமைப்பைப் பயன்படுத்தும் பைதான் நிரலை வெளியிட்டால் ஜிபிஎல் உரிமத்துக்கு ஒத்துப்போகும் உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்கிறார்கள் அதன் பராமரிப்பாளர்கள். ஆனால் அந்த நிபந்தனை பிறருக்குக் கொடுக்கும்போதுதான் எழுகிறது. தன் மேசையில், தன் வேலைக்கு எழுதி, தானே ஓட்டிக்கொள்பவரை அது ஒன்றும் கேட்பதில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் மூன்று வேலிகளும் அவர் மேசையைச் சுற்றித்தான் போடப்பட்டிருக்கின்றன.

கதவு திறந்த ஆண்டு

2023 வசந்தத்தில் வெளியான ஆட்டோகேட் எல்டி 2024 பதிப்பில் ஆட்டோலிஸ்ப் வந்துவிட்டது. 30 ஆண்டு வேலி ஒரே நாளில் விழுந்தது. முழுப் பதிப்பின் கனமான நிரலாக்க வழிகள் இன்னும் எல்டிக்கு இல்லை. ஆனால் நோட்பேடில் எழுதிய கதவு நிரல் ஓடும். எல்டியின் சந்தா முழு ஆட்டோகேட்டின் சந்தாவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

ஏன் அப்போது? நிறுவனத்தின் மனதுக்குள் போய்ப் பார்க்க முடியாது. தேதிகளை அடுக்கிப் பார்க்கலாம். 2016 ஜனவரி 31-க்குப் பிறகு ஆட்டோடெஸ்க், எல்டிக்கு நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது. அதன்பின் எல்லாம் சந்தா. நிரந்தர உரிமக் காலத்தில் எல்டி வாங்கியவர் ஒரு முறை காசு கொடுத்துவிட்டு விலகிவிடுவார். அவரிடமிருந்து மறுபடி பணம் வர வேண்டுமானால் முழுப் பதிப்புக்கு ஏறும் ஆசையை உண்டாக்க வேண்டும். இல்லாத லிஸ்ப் அந்த ஆசைக்குத் தூண்டில். சந்தாக் காலத்தில் கணக்கு தலைகீழ். ஆண்டுதோறும் புதுப்பிக்கிறாரா என்பதே கேள்வி. எல்டியில் 50 லிஸ்ப் நிரல்களை எழுதிவைத்த அலுவலகம், எதுவும் எழுதாத அலுவலகத்தைப் போல அவ்வளவு சுலபமாக வெளியேறாது. முன்பு நிரலைத் தடுப்பதில் லாபம் இருந்தது, இப்போது நிரலை வளரவிடுவதில் இருக்கிறது. முதல் வேலி இறங்கியபோது மூன்றாம் வேலி அதன் வேலையை எடுத்துக்கொண்டது என்பதே என் வாசிப்பு.

ஆகவே மென்பொருள் வாங்கும்போது 'நிரலாக்க வசதி உண்டா?' என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. எதிரே ஆள் இல்லாமல் ஓட்ட உரிமம் இடம் கொடுக்கிறதா, சந்தாவை நிறுத்தினால் இந்த நிரல் வேறெங்காவது ஓடுமா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு விலைப்பட்டியலிலேயே பதில் இருக்கும். மற்ற இரண்டுக்கும் யாரும் படிக்காத உரிமச் சீட்டின் நடுவில்தான் தேட வேண்டும்.

மருத்துவமனை வரைபடத்துக்குத் திரும்பினால், இன்று எல்டியில் டிராஃப்ட்ஸ்மேன் தன் நிரலை ஏற்றிக்கொண்டு கதவு கதவாகக் கிளிக் செய்யலாம். 127-க்கு 127 என்றே விழும். நிரல் அவர் கணினியில், அவர் பெயரில், ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கிறது. அடுத்த ஆண்டும் இருக்கும். அதை ஓட்டும் மென்பொருள் மட்டும் சந்தா முடியும் தேதி வரைக்கும்தான்.